இரண்டு கவரில் ஒரே மாத்திரை

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். மாதாமாதம் அரசு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. போன மாதம் கால் எரிச்சல் என்று கடலூரில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் புது மாத்திரை எழுதித் தந்தார். அம்மா பழையதையும் விடாமல் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 42. பிழைத்துக்கொண்டார். “ரெண்டும் ஒரே மருந்து, பேர்தான் வேற” என்று அங்கே சொன்னார்களாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘எழுதப் படிக்கத் தெரியாதவங்க, அதான்’ என்கிறார்கள். படிப்பில்லாததுதான் காரணமா, இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது கேள்வி.

நான் 31 வருடம் மருந்தாளுநராக இருந்தவன். முதலில் கடலூர் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில், பிறகு புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் அம்மா மேல் தப்பில்லை. மருத்துவர் கொடுத்த எதையும் அவர் விடவில்லை. இரண்டு இடத்தில் சொன்னதையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். ‘புதுசு பழசுக்குப் பதிலா, கூடவா?’ என்ற ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைப் பெரிய படிப்புப் படித்தவரும் தானாகக் கண்டுபிடித்துவிட முடியாது.

என்ன நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். மாத்திரைப் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. ஆனால் நடந்ததை வைத்துப் பார்த்தால் கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மருந்து இரட்டிப்பாகியிருக்க வேண்டும். வீட்டுக்கு வருவதில் மெட்ஃபார்மின் ஒரு அட்டை, கிளிமிபிரைடு ஒரு அட்டை என்று தனித்தனியாக இருந்திருக்கும். தனியார் மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும் கூட்டு மாத்திரையை எழுதுவார்கள். கம்பெனிப் பெயரின் வாலில் ‘ஜி’ என்றோ ‘ஜி.பி. 1’, ‘ஜி.பி. 2’ என்றோ இருக்கும். பார்வைக்கு அளவு வேறு, நிறம் வேறு, அட்டை வேறு. மெட்ஃபார்மின் மட்டும் கொஞ்சம் கூடிப்போனால் வயிறு கலக்கும், வாந்தி வரும். சர்க்கரை இவ்வளவு இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைக்கும். ராத்திரி அரை இட்லியோடு படுத்துவிட்டால் விடியற்காலையில் ஆளைக் கவிழ்த்துவிடும். அதன் வேலை ஒரு நாள் முழுக்க நீடிப்பதால், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுந்து உட்கார்ந்தவர்களுக்கும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோனது மிகவும் சரி.

இதில் நம் பேச்சு வழக்கு செய்கிற வேலையும் உண்டு. ‘சுகர் இறங்கிடுச்சு’ என்பது நம் ஊரில் நல்ல செய்தி. பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்படுகிற செய்தி. சர்க்கரை அதிகமானால் ஆபத்து என்று 20 வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குறைந்தால் அதைவிட வேகமாக உயிருக்கு ஆபத்து என்று அந்த அளவுக்குச் சொல்லவே இல்லை. அதனால் கை நடுங்கி, கண் இருண்டு, வேர்க்கும்போது, ‘பித்தம்’, ‘மயக்கம்’ என்று கொஞ்சம் படுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் படுக்கவே கூடாது.

‘ரத்தக்கொதிப்பு’ என்ற சொல்லும் இப்படித்தான். கொதிப்பு என்று பெயர் வைத்தபிறகு, உடம்பு சூடாகி, தலை கிறுகிறுத்தால்தான் நோய் இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. தலை வலிக்கிற நாளில் மட்டும் மாத்திரை போடுகிறவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்த்திருக்கிறேன். நோயைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. நாம் கொடுத்த சொல்லை அப்படியே நம்பி, அதன்படி நடக்கிறார்கள்.

அப்புறம் ‘பவர்’. மாத்திரையின் மில்லிகிராமை மக்கள் பவர் என்பார்கள். 500 பவர் பெரிய மாத்திரை, 5 பவர் சின்ன மாத்திரை. மெட்ஃபார்மின் 500 மி.கி., பிரஷருக்கான அம்லோடிபின் 5 மி.கி. ‘அஞ்சுதானே, ரெண்டு போட்டா என்ன?’ என்று இரண்டாகப் போட்டு, கால் வீங்கி வந்தவர் ஒருவர். கிளிமிபிரைடு 1 மி.கி., 2 மி.கி. என்று சின்ன அளவில்தான் வரும். எண் சின்னதாக இருப்பதால் லேசான மாத்திரை என்று ஆகிவிடாது. தைராய்டு மாத்திரையின் 100 என்பது மில்லிகிராமே அல்ல, மைக்ரோகிராம். ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாது என்பதை யாராவது ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும், எல்லோருக்கும் புரிகிற விஷயம்தான்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பல வருடம் முன்பு, கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். சர்க்கரை மாத்திரை. “காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, புரிஞ்சுதா ஐயா?” என்றேன். “சரிங்க சார்” என்று வாங்கிப் போனார். வரிசையில் பின்னால் 40 பேர். அவருக்குக் காலை என்பது எது என்று நான் கேட்கவில்லை. அவர் எழுவது ராத்திரி இரண்டரை மணிக்கு. ஒரு டம்ளர் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். வலை இழுத்துக் கரைக்கு வந்து சாப்பிட உட்காரும்போது ஒன்பதரை ஆகும். மூன்றாம் நாள் படகிலேயே விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் தூக்குச் சட்டியில் இருந்த இனிப்பு டீயைக் கொடுத்ததால் தப்பினார். நான் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவர் கேட்டதிலும் தவறில்லை. என் காலையும் அவர் காலையும் வேறு வேறு, அவ்வளவுதான். அவர் திரும்ப வந்து என்னிடம் கோபமே படாமல், “நீங்க சொன்ன மாதிரிதான் சார் போட்டேன்” என்றது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு ‘சரிங்க’ என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று ‘புரியலை’ என்று சொல்ல நம் மக்களுக்குக் கூச்சம். “வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கல்ல, இது எப்பப்ப போடணும்னு? என்ன சொல்லுவீங்க? மாத்திரையைக் கையில எடுத்துக் காட்டுங்க பாப்போம்” என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகாது. எத்தனை பேர் நான் சொன்னதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இது நம் ஊர் ஏழைகளின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2006-ல் அமெரிக்காவில் மூன்று மாநிலங்களில் 395 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ‘இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை’ என்ற லேபிளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 70.7 சதவீதம் பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டுங்கள் என்றபோது, நாலு என்று காட்டியவர்கள் 34.7 சதவீதம்தான். வார்த்தையைத் திருப்பிச் சொல்வது ஒன்று, கை சரியாக எடுப்பது இன்னொன்று. அதனால்தான் மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

படித்தவர்கள் செய்கிற தவறு வேறு வகை. காய்ச்சல் குழந்தைக்குப் பாராசிட்டமால் வாங்குகிற இளம் பெற்றோரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் பட்டதாரிகள். சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. சின்னக் குழந்தைக்கான பாட்டில் என்பதால் சொட்டு மருந்துதான் வீரியம் குறைவு என்று நினைத்து, சிரப்புக்குச் சொன்ன ஐந்து மி.லி. கணக்கைச் சொட்டு மருந்துக்குப் போட்டால் குழந்தைக்கு 500 மி.கி. போய்விடும். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும். இங்கே ஆங்கிலம் தெரிந்தும் பயனில்லை. பாட்டிலோடு வருகிற மூடியையோ டிராப்பரையோ காட்டி, இந்தக் கோடு வரை என்று யாராவது தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். வீட்டு ஸ்பூனில் ஊற்றவே கூடாது. ஒரு வீட்டு ஸ்பூன் மாதிரி இன்னொரு வீட்டு ஸ்பூன் இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது மூன்று இடங்களில் கவனம் வேண்டும் என்றது: ஆபத்து அதிகமுள்ள மருந்துகளும் சூழல்களும், பல மருந்துகளை ஒன்றாகச் சாப்பிடுவது, ஒரு மருத்துவ இடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. உங்கள் அம்மாவுக்கு மூன்றும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றாவதுதான் நம் பகுதியில் பெரிய பள்ளம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் பஸ்ஸில் முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். ஆனால் நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தமிழ்நாட்டு அரசுத் திட்டம், அதன் பதிவு இந்தப் பக்கம். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் சீட்டு அந்தப் பக்கம். தனியார் மருத்துவரின் சீட்டு மணிபர்சில். மூன்று சீட்டும் சந்திக்கிற ஒரே இடம் உங்கள் அம்மாவின் மாத்திரை டப்பா. சரிபார்க்கிற வேலை அங்கேதான் நடக்க வேண்டும்.

அதற்கு ஒரு மஞ்சப்பை போதும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் அதில் போடுங்கள். அரசு மாத்திரை, தனியார் மாத்திரை, கேஸ் மாத்திரை, கால் வலிக்குக் கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, தைலம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, எல்லாம். எதையும் ஒளிக்காமல், எதற்கும் திட்டு விழாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பையோடு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கம்பெனிப் பெயரோடு மருந்தின் ஜெனரிக் பெயரும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரும், அச்சாகியிருக்கும். ஒரே ஜெனரிக் பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். இதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம், மருந்தியல் தெரிய வேண்டியதில்லை. 2016-ல் மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தி, மருந்துச் சீட்டில் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. எழுத்து புரியவில்லை என்றால் கேட்பது உங்கள் உரிமை.

புது மாத்திரை எந்த மருத்துவரிடமிருந்து வந்தாலும், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் “இது பழசுக்குப் பதிலா, கூடவா?” என்று கேட்டுவிடுங்கள். அம்மா தனியாகப் போனாலும் கேட்கிற அளவுக்கு இதைப் பழக்கிவிடுங்கள். நிறுத்தச் சொன்ன பழைய மாத்திரையை அன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ‘வீணாகிறதே’ என்று வைத்திருந்தால் ஒரு நாள் வாய்க்குப் போய்விடும். மாத்திரை கொண்டுவருகிற சுகாதாரத் தன்னார்வலரிடமும் தனியார் மருத்துவர் மாற்றியதைச் சொல்லி, சீட்டைக் காட்டுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மருந்துக்கடையில் ஒரு வேளைக்கு நாலு மாத்திரை சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதைப் பற்றி அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். கால் எரிச்சல், மூட்டு வலி இருப்பவர்கள் அதை வாங்காமல் இருப்பது குறைவு. அதில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கலாம். வலி மாத்திரை சிறுநீரகத்தையும் பிரஷரையும் கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். பொட்டலம் சாப்பிடுவது தெரியாத மருத்துவர் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று மருந்தைக் கூட்டுவார். பொட்டலம் தீர்ந்த வாரம் சர்க்கரை திடீரென்று இறங்கும். இந்தச் சங்கிலி எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. ‘சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்று பயந்து அதை நிறுத்திவிட்டு, கிட்னியை உண்மையிலேயே கெடுக்கிற வலி மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அடையாளம் வேண்டும் என்றால் கவரின் மேல் படம் போடுங்கள். பாதிச் சூரியன் காலை, முழுச் சூரியன் மதியம், நிலா ராத்திரி. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு ஒரு தட்டு வரைந்து, அதற்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ புள்ளி வைக்கலாம். அம்மாவையே வரையச் சொன்னால் இன்னும் நல்லது, அவர் வைத்த அடையாளத்தை அவர் மறக்க மாட்டார். ஆனால் மாத்திரையின் நிறத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். கம்பெனி மாறினால் போன மாதத்து வெள்ளை இந்த மாதம் ரோஸ் ஆகிவிடும். அட்டையை வெட்டி வாங்கினால் பெயரும் காலாவதி தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்று பெயரில் இருக்கும் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

விரதம் இருப்பவரா அம்மா? புரட்டாசி சனிக்கிழமை, ஆடி வெள்ளி, ஒருபொழுது என்று எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு இல்லாத நாளில் கிளிமிபிரைடு என்ன செய்யும் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். விரதத்தை விடச் சொல்ல நான் யார்? மாத்திரையை அந்த நாளுக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

ஒருவேளை அடுத்து இன்சுலினுக்கு மாற்றினால் ஊசியின் மூடியைக் கவனியுங்கள். ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசி, ஒரு மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். புயல் மழை நாட்களுக்கும் யோசித்து வையுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் அடித்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, எத்தனை வீட்டில் மாத்திரைக் கவர் நனைந்து, எது எதுவென்று தெரியாமல் போயிருக்கும்! எல்லாச் சீட்டையும் செல்போனில் படம் பிடித்து இரண்டு பேர் போனில் வைத்துவிடுங்கள்.

மறுபடி வேர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் யோசிக்க வேண்டாம். சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் 70-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கருவி இல்லை என்றால் பார்க்காமலே, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ சோறோ கொஞ்சம் சாப்பிடட்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வாரமே மருத்துவரிடம் போகும்போது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ‘கிரியாட்டினின்’ ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமிபிரைடால் சர்க்கரை இறங்கும் ஆபத்து கூடும். இரட்டிப்பு மட்டும்தான் காரணமா, அதுவும் சேர்ந்துகொண்டதா என்பது அதில் தெரியும். மெட்ஃபார்மின் அளவையும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அன்றைக்கு என்னென்ன சாப்பிட்டார், எப்போது மயக்கம் வந்தது என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், அம்மாவையே சொல்லவிடுங்கள்.